பவானிபூர் வீட்டில் ஒரு டிரெட்மில்

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பா வீட்டுக்குள்ளேயே நடந்து பழகட்டும் என்று வாங்கிய டிரெட்மில் இன்று வந்தது.

லோடு தாங்கட்டும் என்று ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு டிரெட்மில்லை ஆன் செய்தேன். கைப்பிடியைப் பிடித்தபடி அப்பா நாலடி வைத்தார். சிரித்தார்.

படாரென்று ஃபியூஸ் போனது. பெல்ட் நின்றதும் என் மேல் சாய்ந்தார்.

"நான் ஏதாவது தப்பா அமுக்கிட்டேனாம்மா?"

"இல்லப்பா, கரண்ட் போயிடுத்து."

வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், இந்தப் பழைய ஒயரிங் தாங்காது, சுவரை உடைத்துத் தனி லைன் இழுக்க வேண்டும் என்றார். வீட்டுக்காரப் பெங்காலி அம்மாவிடம் (நாங்கள் மாஷிமா என்போம்) கெஞ்சினேன். சுவரில் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கரண்ட் கேட்காமல் நடக்க வைக்கும் வழி யாருக்காவது தெரியுமா? தெருவில் நடக்கலாமே என்று மட்டும் எழுதாதீர்கள். மூன்றாவது மாடியிலிருந்து இறங்க அவரால் முடியாது.