உயிர் தங்கும் அளவு

அறுபதுகளின் தொடக்கம். ஒட்டுசுட்டானுக்கு அப்பால் காட்டோரம் எங்களுக்கு ஒரு வயல் இருந்தது. மாரியில் நானும் கணவரும் மேட்டில் கட்டிய காவல் கொட்டிலிலேயே தங்கிவிடுவோம். இல்லையென்றால் யானையும் பன்றியும் வயலைத் துடைத்துவிடும். அந்த முறை விடாமல் அடித்த மழையில் குளம் உடைப்பெடுத்து, மேட்டைச் சுற்றி ஒரே வெள்ளம்.

அந்த வெள்ளத்தில் வண்டியையும் மாட்டையும் பறிகொடுத்துவிட்டு, ஒரு முஸ்லிம் தம்பதியர் கைக்குழந்தையோடு தட்டுத்தடுமாறி எங்கள் கொட்டிலுக்கு வந்து சேர்ந்தார்கள். இருந்த கொஞ்ச அரிசியைக் கஞ்சியாக்கி அவர்களுக்கே கொடுத்தோம். நாங்கள் அடுப்புக்கு மேலே தொங்கிய வத்தல் இறைச்சியைத் தின்று சமாளித்தோம். அது காட்டுப்பன்றி. வயலுக்குள் இறங்கியதைக் கணவர் சுட்டு, புகையில் காயவைத்திருந்தார்.

அரிசி முடிந்தது. வெள்ளமோ வடிகிற பாடில்லை. பட்டினியில் தாய்க்குப் பால் வற்றி, அழுது அழுது குழந்தையின் சத்தமே அடங்கிப் போனது. எழும்பப் பார்த்த தாய் மயங்கி விழுந்தாள்.

"மரைமான் இறைச்சி எண்டு சொல்லிப்போட்டுக் குடும். ஆருக்குத் தெரியப்போகுது?" என்று கணவர் காதுக்குள் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. அவளுடைய கணவரிடம் போனேன்.

"தம்பி, இருக்கிறது பன்றி வத்தல்தான். உங்களுக்கு ஆகாது எண்டு தெரியும். ஆனாலும் பிள்ளையைப் பாருங்கோ" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்புவார் என்றுதான் நினைத்தேன்.

"தாங்கோ அக்கா" என்றார். "வேற ஒண்டுமே இல்லாமல் உயிர் போற நேரத்திலை இது குற்றமில்லை எண்டு எங்கட மார்க்கமே சொல்லுது. உயிர் தங்கிற அளவுக்கு மட்டும்."

அவித்து மசித்துக் கொடுத்தேன். அவரே மனைவியின் வாயில் வைத்தார். கண்ணீர் வழிய வழிய அவள் விழுங்கினாள். அவர் தனக்கு எடுக்கவில்லை. "நான் இன்னும் எழும்பி நடக்கிறன்தானே" என்றார்.

மெல்ல அவள் முகம் தெளிந்தது, எழும்பி உட்கார்ந்தாள். அப்பாடா என்று இன்னும் கொஞ்சம் அள்ளிப் போடப் போனேன். அவள் கோப்பையைக் கையால் மறித்தாள்.

"காணும் அக்கா. உயிர் நிண்டிட்டுது. இனித் திண்டால் அது என்ர ஆசைக்கு."

அம்மாடி! அவளுடைய பசி பாதிகூட அடங்கியிருக்காது. விரதம் முடிந்த கையோடு இரண்டு பங்கு சாப்பிடுகிறவள் நான். அள்ளியதைத் திரும்பச் சட்டியில் போட்டேன்.

மறுநாள் தாய்க்குப் பால் சுரந்து, குழந்தை தெம்பாக வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு நாலு பேரும் சிரித்தோம். அன்றைக்கே வெள்ளம் வடிய, அவர்கள் புறப்பட்டுப் போனார்கள்.

மார்க்கம் என்றால் மறிப்பது மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது ஓர் உயிருக்காக வழிவிட்டதையும், விட்ட வழியில் ஓரடி கூடக் கூடுதலாக வைக்காமல் பசியோடு அந்தப் பெண் நின்றதையும் நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.