ஒரு 'தான்'

அக்கா தினமும் கடலூரிலிருந்து ரயிலேறிச் சிதம்பரத்துக்குப் போய் பி.எஸ்சி. கணிதம் படித்தாள். கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாளே நெல்லிக்குப்பத்திலிருந்து மாமா மாப்பிள்ளை போட்டோவோடு வந்துவிட்டார். அக்காவுக்கோ எம்.எஸ்சி. படிக்க ஆசை. எனக்கு அப்போது ஒன்பது வயது.

"படிப்பு முடிச்சா கல்யாணம்னு நீங்கதான மச்சான் சொன்னீங்க?" என்றார் மாமா.

அப்பா நிதானமாக, "முடிச்சாத்தான்னு சொன்னேன்" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதான? அந்த ஒரு 'தான்'ல என்னா வந்துடப் போவுது?"

அக்கா என் சாக்பீஸை வாங்கிக்கொண்டு கூடத்துத் தரையில் உட்கார்ந்தாள். படிப்பு முடிவதற்கு 'ப', கல்யாணத்துக்கு 'க'. 'முடிச்சா கல்யாணம்' என்பதற்கு 'ப'விலிருந்து 'க'வுக்கு ஓர் அம்பு. 'முடிச்சாத்தான் கல்யாணம்' என்பதற்கு 'க'விலிருந்து 'ப'வுக்கு. கல்யாணம் நடந்தால் படிப்பு முடிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள். கீழே, இரண்டும் நடப்பது, ஒன்று மட்டும் நடப்பது, எதுவுமே நடக்காதது என்று வரக்கூடிய நான்கு நிலைக்கும் நான்கு வரி போட்டு, மெய், பொய் என்று நிரப்பினாள்.

"இந்த வரியப் பாருங்க மாமா. படிப்பு முடிஞ்சிருச்சு, கல்யாணம் ஆகல. நீங்க சொல்றது இங்க பொய்யாயிடுது. அப்பா சொன்னது பொய்யாகல. ரெண்டும் ஒண்ணுன்னா நாலு வரியிலயும் ஒத்துப் போவணும்."

மாமா குனிந்து பார்த்தார். "தரையில கோடு போட்டா கல்யாணம் நின்னுடுமா?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா தரைப் பக்கமே திரும்பவில்லை. அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் என்ன பண்ணட்டும் மச்சான்? சொன்ன வார்த்தையில மாட்டிக்கிட்டேன். அவ படிக்கட்டும்" என்று பெருமூச்சு விட்டார். மாமா சாப்பிடாமலே கிளம்பினார். அம்மா தெருமுனைவரை சமாதானம் சொல்லிக்கொண்டு போனாள்.

அதன் பிறகு எந்தச் சொந்தக்காரர் கேட்டாலும் அப்பா அதே பெருமூச்சோடு, "கணக்குல மடக்கிட்டா" என்பார். எனக்கு அவரை நினைத்தால் பாவமாக இருந்தது. பெற்ற மகளிடமே தோற்றுவிட்டாரே. அக்கா எம்.எஸ்சி. சேர்ந்த அன்று எல்லாருக்கும் முந்திரி அல்வா கிடைத்தது. என் பங்கை அப்பாவிடம் நீட்டி, "கவலப்படாதீங்கப்பா, அடுத்த தடவ நீங்க ஜெயிச்சிடுவீங்க" என்றேன்.

அப்பா முகத்தைத் தொங்கப்போட்டபடியே அதை வாங்கி, முழுதாகச் சாப்பிட்டார்.