டிரான்ஸ்பார்மருக்குள் மூன்று தட்டு

பேயே வந்து நின்றாலும் எந்த ஆபீஸ், எப்போது மாற்றலாகி வந்தாய் என்று விசாரிக்கிற ஆள் நான். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் சிரித்துவிட்டாவது போங்கள்.

கல்வராயன் மலையடிவாரத்துத் துணைமின் நிலையத்தில் நான் ஆபரேட்டர். என்னோடு இருபது வருஷம் ஒரே ஷிப்டில் இருந்த ஏழுமலை போன தையில் மாரடைப்பில் போய்விட்டான். தினமும் காலை எட்டு மணிக்கு வந்ததும் பெரிய டிரான்ஸ்பார்மரின் தொட்டியை விரல் முட்டியால் மூன்று தட்டுத் தட்டிவிட்டுத்தான் கையெழுத்தே போடுவான். அவன் மகள் கவிதா வாரிசு வேலையில் அதே இடத்துக்கு வந்தாள்.

சித்திரையில் அந்த டிரான்ஸ்பார்மர் எண்ணெய்க்குள் தலைமுடி மாதிரி கண்ணாடி இழைகளை இறக்கினார்கள். உள்ளே மின்பொறி கசிந்தால் அந்தச் சின்னச் சத்தத்தைப் பிடித்துக் கணினியில் கோடாகக் காட்டும், ஹெட்போன் மாட்டினால் காதிலும் கேட்கலாம். எண்ணெய்க்குள் என்ன பாட்டா வரப்போகிறது என்று நான் மாட்டியதே இல்லை.

ஆடியில் ஒரு நாள் காலை எட்டு மணி. கவிதா எண்ணெய் அளவு பார்க்கக் கிளம்பினாள், நான் அறையிலேயே இருந்து சும்மா ஹெட்போனை மாட்டிப் பார்த்தேன். ஒரே ரீங்காரம். நடுவில் டொக், டொக், டொக். ஜன்னல் வழியாகப் பார்த்தால் தொட்டிக்குப் பக்கத்தில் யாருமில்லை, கவிதா பாதி வழியில்தான் போகிறாள். ஒரு காலில் செருப்பு, கழுத்தில் ஹெட்போன், அதன் வயர் பின்னால் தரையில் இழுபட, ஓடினேன்.

“கவிதா, உள்ள வா.”

“இன்னா சித்தப்பா, நெஞ்சு வலிக்குதா?”

“அதெல்லாம் இல்ல. தனியா இருக்க பயமா இருக்குது.”

“வெளிய சொல்லிடாதீங்க, சிரிப்பாங்க. அளவு எழுதிக்கினு வந்துடறேன்.”

அவள் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு திரும்ப ஓடினேன், வேறென்ன செய்ய? சிரித்துக்கொண்டே துரத்தி வந்தாள். நாங்கள் படி ஏறுவதற்குள் பின்னால் வெடித்தது. டிரான்ஸ்பார்மர் மேல் கம்பியைத் தாங்கும் பீங்கான் சிதறி, அளவு பார்க்க நிற்கிற இடமெல்லாம் கத்தி கத்தியாகச் சில்லு. பிள்ளையைக் காப்பாற்றினேன் என்று எல்லோரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் துணைக்கு ஆள் தேடிப் போனவன், அதை யாரிடம் சொல்ல?

கருவி வைத்த இன்ஜினியர் பதிவைப் பார்த்தார். புதுச் சத்தம் வந்தால் சிவப்புக் கோடு, தினமும் கேட்டுப் பழகிய சத்தம் என்றால் பச்சையாம். அந்த மூன்று தட்டும் பச்சை.

“கருவி வெச்ச நாள்லேர்ந்து எட்டு மணிக்கு வர்ற சத்தந்தான் சார் இது,” என்றார்.

கவிதா நாற்காலியை இழுத்துப்போட்டு, சித்திரையிலிருந்து ஒவ்வொரு நாளாகப் பார்த்தாள். “வியாழக்கிழமைல மட்டும் இந்தத் தட்டு வரல சித்தப்பா,” என்றாள். வியாழன்தான் ஏழுமலைக்கு வார லீவு.

புதுப் பீங்கான் மாட்டியாகிவிட்டது. இன்றைக்கும் மற்ற நாளில் அவள் போய் அளவு எடுக்கிறாள். வியாழக்கிழமை மட்டும் அவளை விடுவதில்லை, நானே போகிறேன்.