வண்டி நின்றது, ஐஸ் நிற்கவில்லை

ஐஸ் ஏற்றுகிற தொழிலில் சரக்கு நம் கைக்கு வரும்போதே கரைய ஆரம்பித்திருக்கும்; மிச்சத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவனுக்குத்தான் நல்ல பெயர்.

பத்தாம் வகுப்பு அறிவியலில் முப்பத்தொன்று வாங்கி, நாலே மார்க்கில் வழுக்கியவர்கள் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் கிட்டே வாருங்கள், இது நமக்குள். ரிசல்ட் வந்த மறுநாளே அம்மா என்னைத் தன் தம்பி ஆறுமுகம் மாமாவின் மீன்பாடி வண்டிக்கு அனுப்பிவிட்டாள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பார், அதாவது நீளமான ஐஸ் கட்டிகளை ஏற்றி, படகுகளுக்கும் திருவொற்றியூர் மார்க்கெட்டுக்கும் போடுகிற வேலை. "அக்டோபர் பரிட்சைல பாஸானா ஐ.டி.ஐ. இல்லாங்காட்டி ஆயுசுக்கும் ஐஸு" என்றாள். எல்லார் குரலிலும் அப்படியே பேசிக் காட்டுவேன், அம்மா குரல் உட்பட. அந்த ஒரு வரியை மட்டும் பேசிக் காட்டியதில்லை.

தள்ளாமல் தள்ளுவது

மீன்பாடி வண்டியில் சரக்குப் பலகை முன்னால், ஓட்டுகிறவர் பின்னால். அவருக்கும் பின்னால் தள்ளுகிறவன், அதாவது நான். நாலு பார் ஏற்றினால் அந்தக் கிழட்டு மோட்டார் தனியாகக் கிளம்பாது. முதல் தள்ளலுக்கு உயிர் போகும். உருள ஆரம்பித்துவிட்டால் சமதரையில் அது பாட்டுக்குப் போகும்.

இதை மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டேன். உருண்டதும் பின் கம்பியில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். மாமா காதுக்கு மட்டும், தள்ளுகிறவன் மூச்சு வாங்குகிற சத்தத்தை விடாமல் அனுப்புவேன். நடுவில் இரண்டு இருமல், ஒரு "அப்பாடா". ஒரு வாரம் நன்றாகப் போயிற்று. எட்டாம் நாள் மாமா திரும்பாமலே கேட்டார்: "மூச்சு சத்தம் மட்டும் ஏறிக்கினே கீது, வண்டி ஏன்டா பின்னால குந்துது?"

கோணி செய்த வேலை

பாருக்கு அடியில் ஈரக் கோணி விரிப்பது வழக்கம். இறக்கும்போது பார் அதில் ஒட்டிக்கொண்டு நகராது; கொக்கி போட்டு இழுத்து இழுத்து என் தோள்பட்டை கழன்றுவிடும். உராய்வைக் குறைத்தால் வேலை குறையும் என்று புத்தகத்திலேயே இருக்கிறதே. ஒருநாள் காலை கோணியை உருவி பாரின் மேலே போர்த்திவிட்டேன். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அன்றைக்கு முதல் பார் தனம் அக்காவுக்கு. மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். ஆறு மணி என்றால் ஆறு மணிக்கு ஐஸ் வேண்டும்; மாமாவுக்கு உலகத்தில் பயம் அவர் ஒருவரிடம்தான். மணி ஆறே கால். மார்க்கெட் முனையில் திரும்பும்போது எனக்கு நாக்கு அரித்தது. பின்னாலிருந்து தனம் அக்கா குரலில், "யோவ் ஆறுமுகம், நில்லுயா" என்றேன். மாமா இரண்டு கையாலும் பிரேக்கைப் பிடித்தார். வண்டி நின்றது. முன்னாலிருந்த பார் நிற்கவில்லை. பலகையை விட்டு இறங்கி, மீன் செதிலும் தண்ணீருமாகக் கிடந்த தரையில் சறுக்கி, யார் காலிலும் படாமல் நேராகப் போய் நிஜமான தனம் அக்காவின் கூடையில் முட்டி நின்றது.

அக்கா பாரைப் பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்தார். "ஐஸுக்குக் கீற அவசரம் உனக்கு இல்லியேயா."

கயிறு

கோணி பழையபடி அடியில் போனது. அக்கா கூப்பிடவே இல்லை என்று மாமாவுக்குத் தெரிந்தபின் நான் ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் ஒருநாள் காசிமேட்டில், ஃபைபர் போட்டில் நின்றுகொண்டு பக்கத்தில் நின்ற லாஞ்சுக்கு, அதாவது பெரிய விசைப்படகுக்கு, அரை பாரைத் தள்ளவேண்டியிருந்தது. தள்ளுவதற்கு முன்னால் சும்மா இருந்திருக்கலாம். லாஞ்சு டிரைவரின் கரகரப்பான குரலில், "கயித்த அவுருடா" என்றேன். கரையில் இருந்தவர் சொன்னபடி கேட்கிற நல்ல மனிதர். அவிழ்த்துவிட்டார், நான் நின்ற போட்டின் கயிற்றை.

எனக்குத் தெரியாது. தம் கட்டித் தள்ளினேன். பார் முன்னால் போனது, போட் பின்னால் போனது, நான் நடுவில் கீழே போனேன். துறைமுகத் தண்ணீரில் டீசல், மீன் குடல், இன்னும் பெயர் வைக்காத சில பொருட்கள். மாமா என் சட்டைக் காலரில் கொக்கியை மாட்டித் தூக்கி, "ஐஸத்தான தள்ளுன, நீ ஏன்டா உள்ள போன?" என்றார். "வினைக்கு எதிர்வினை மாமா" என்றேன், டீசலைத் துப்பிக்கொண்டு.

"இத பரிட்சைல துப்பியிருந்தா இங்க முழுகியிருக்க மாட்ட."

அக்டோபர்

உதவாத வாய் அதற்கு மட்டும் உதவியது. பாடம் முழுவதையும் ஆள் ஆளாகப் பிரித்து மனப்பாடம் செய்தேன். உராய்வு மாமா குரலில், எதிர்வினை லாஞ்சு டிரைவர் குரலில். முதல் இயக்க விதி தனம் அக்கா.

கேள்வித்தாளில் ஐந்து மார்க்குக்கு அந்த முதல் விதியே வந்திருந்தது: நிலைமம், எடுத்துக்காட்டுடன் விளக்குக. கைடில் இருப்பது பிரேக் போட்ட பஸ். பஸ்ஸை எழுதினால் மார்க் நிச்சயம். எனக்கோ பஸ் ஞாபகத்துக்கே வரவில்லை. பார்தான் சறுக்கிக்கொண்டு வந்தது. இந்த ஐந்து போனால் ஆயுசுக்கும் ஐஸ் என்று தெரிந்தே, கோணி உருவியது முதல் கூடையில் முட்டியது வரை எழுதினேன். எழுதும்போது குரலும் கூடவே வெளியே வந்திருக்கிறது போல. மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து நின்றார்: "தம்பி, ஹாலுக்குள்ள ஒரு அம்மா பேசுறாங்க, அவங்கள கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லு."

யார் தள்ளுவது

முப்பத்தெட்டு. ஐஸுக்கு அஞ்சுக்கு அஞ்சு போட்டிருப்பார்கள் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். அது இல்லையென்றால் கணக்கு முப்பத்துமூன்றில் நிற்கும். அம்மா மார்க் பட்டியலை இரண்டு தரம் பார்த்துவிட்டு, என் ஈரக் கோணி நாற்றச் சட்டையைத் துவைக்கப் போட்டாள்.

கடைசி நாள் வழக்கம்போல நாலு பார். ராஜினாமா செய்கிற பெரிய மனுஷன் தோரணையில், "நான் போயிட்டா இனிமே வண்டிய யாரு மாமா தள்ளுவாங்க?" என்றேன். மாமா பிரேக்கைச் சரிபார்த்துக்கொண்டே, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் கேட்டார்: "இத்தினி நாளு யாருடா தள்ளுனாங்க?"

வெளிவிசை படாதவரை நிற்கிற பொருள் நின்றபடியே இருக்கும் என்று புத்தகம் சொல்கிறது; என் விஷயத்தில் அந்த விசை ஆறு மாதம் எனக்கு முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டியது, நான் பின்னால் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன்.