கீழ்ப்பக்கம் பிடிப்பவர்

என் சித்தப்பா மகளைக் கட்டிய மாப்பிள்ளைக்குப் பட்டப்பெயர் கிரேன். வீடு மாற்றிக் கொடுக்கும் கூட்டத்தில் வேலை. பீரோவைப் படியேற்றும்போது கீழ்ப்பக்கம் பிடிப்பவன் மேல்தான் பாரமெல்லாம் இறங்கும். அந்த இடத்தை மாப்பிள்ளை யாருக்கும் விட்டதில்லை.

அறுபதை நெருங்கும்போது புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்றார்கள். ஆண் ஹார்மோனை நிறுத்த ஊசி போட்டார்கள். சில மாதங்களிலேயே தோள் வற்றி, சட்டை ஆணியில் மாட்டியதுபோல் தொங்கியது. துணைக்கு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"நோவு ஒரு இடத்துல. என் கையை எதுக்கும்மா புடுங்குனீங்க?" என்றார் மாப்பிள்ளை.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "ரெண்டுக்கும் ஒரே தீனிங்க. ரத்தத்துல வர்ற ஹார்மோனை அந்தச் சுரப்பி இன்னும் வீரியமா மாத்தி எடுத்துக்கும். தசை பெரும்பாலும் வந்தபடியே வாங்கிச் சதை கட்டும். ஊசி போட்டா ரெண்டும் பட்டினி. ஆனா தசை ஹார்மோன் பேச்சை மட்டுமில்ல, தூக்குற பாரத்தோட பேச்சையும் கேக்கும். பழையபடி ஆகாது, கரையறது குறையும். எலும்பையும் பார்த்துட்டேன், தாங்கும். பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க."

அன்றே தண்ணீர் கேனோடு மாடிப்படி ஏறத் தொடங்கினார். "மாடியில யாரு தாகத்துல சாகறாங்க?" என்று தங்கச்சி கத்தினாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு வேலைக்கும் திரும்பினார். பீரோ பூப்போல ஏறியது. "பார்த்தீங்களா மச்சான், கிரேன் ஓடுது!" என்று என்னிடம் மீசையை நீவினார்.

ஒரு நாள் லாரியில் போர்வை மூட்டை ஒன்றை இழுத்தார். உள்ளிருந்து பீரோவின் தட்டுகளும் லாக்கர் பெட்டியும் சடசடவென்று விழுந்தன. அவர் வருவதற்கு முன்பே கூட்டாளிகள் ஒவ்வொரு பீரோவையும் கழற்றிக் கூடாக்கி வைத்திருக்கிறார்கள்.

"உங்க மேல உள்ள பாசத்துலதாண்ணே..." என்று டிரைவர் தலையைச் சொறிந்தான்.

"பாசமாடா? தூக்கறதுதான்டா எனக்கு மருந்து. அதுல தண்ணி கலந்துட்டியேடா, பாவி!"

எல்லாவற்றையும் திரும்ப மாட்டச் சொன்னார். கீழ்ப்பக்கம் பிடித்துப் பார்த்தார். முதல் படிக்கு மேல் பீரோ நகரவில்லை. இறக்கி வைத்தார்.

"நீ கீழ வாடா," என்றார் டிரைவரிடம். "நான் மேல போறேன். ஆனா ஒரு தட்டு குறைஞ்சாலும் தொலைச்சுடுவேன்."

டிரைவர் தயங்கியபடி குனிந்தான்.

"ரொம்பப் பழகிடாதே, அது என் இடம்," என்று சொல்லிக்கொண்டே மாப்பிள்ளை பின்பக்கமாகப் படியில் கால் வைத்தார்.