டோஃபுவின் மேல் எழுபத்திரண்டு கிலோ

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எங்கள் நைனாவுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. இன்று ஆந்திர எல்லையில், வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் எனக்கு மூன்று ஏக்கர் மாந்தோப்பு. பங்காருபாளையத்தில் கன்று வாங்கி, பஸ் கூரையில் ஏற்றி, நானே கொண்டுவந்து வைத்தது. 'பாறை... தண்ணீர் வராது' என்று எல்லோரும் கையை விரித்த இடத்தில் போர் போட்டேன். வந்தது. மாடி வீடு கட்டினேன், இன்ஜினியர் இல்லாமல். படிக்கட்டு மட்டும் கொஞ்சம் உயரம். மற்றபடி ஒரு குறை சொல்ல முடியாது. பெண்ணை டிகிரி படிக்க வைத்தேன். இந்தப் பத்தியையும் வாராவாரம் நானேதான் எழுதுகிறேன். ஒற்றுப்பிழை பார்ப்பது மட்டும் ஆசிரியர் வேலை.

இத்தனையும் செய்தவன், போன மாதம் டோஃபுவின் மேல் உட்கார வேண்டி வந்தது.

டோஃபு தெரியும்தானே? தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். பால் திரிந்தால் பன்னீர். சோயா பால் திரிந்தால் டோஃபு. அவ்வளவுதான் ரகசியம்.

எங்கள் பக்கம் பொட்டல் காடாக இருந்த இடமெல்லாம் இப்போது கம்பெனி. முதலில் ரோடு வந்தது, பின்னாலேயே கொரியாக்காரர்கள் வந்தார்கள். அப்படி ஒரு கம்பெனி கேன்டீனில் என் மகள் தேவகி சூப்பர்வைசர். அங்கே பன்னிரண்டு கொரிய இன்ஜினியர்கள். மதியத்துக்கு அவர்கள் ஊர் காளான் டோஃபு சூப்பை வீட்டில் செய்து தர ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும், இவள் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்து நின்றாள். காண்டிராக்ட் கிடைத்தால் சொந்தத் தொழில். கிடைக்காவிட்டால்? பழைய வேலையில் அதற்குள் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று.

சூப் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சூடான எண்ணெயில் இஞ்சி பூண்டு. திருப்பதியிலிருந்து வந்த காளானைப் போட்டு ஒரு வதக்கு. தண்ணீர், சோயா சாஸ், மிளகு. கொதித்ததும் டோஃபு துண்டுகள், மேலே வெங்காயத்தாள். குடித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது.

"ரெண்டு காஞ்ச மிளகா கிள்ளிப் போடு. கொஞ்சம் புளி ஊத்து" என்றேன்.

"நைனா, அது ரசம்."

"ரசம்னா இன்னா, மட்டமா?"

கடைசியில் இரண்டு பாத்திரம். அவர்களுக்கு அவர்கள் சூப். எங்களுக்கு மிளகாய், சீரகம், கொத்தமல்லித் தண்டு போட்ட சூப். அதில் கேழ்வரகுக் களியைத் தோய்த்து முழுங்கினால்... சரி, அதை இன்னொரு நாள் பேசுவோம். அந்த யோசனையும் என்னுடையதுதான் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் சாம்பிள் கம்பெனிக்குப் போனது. கொரிய மேனேஜர் கரண்டியால் பாத்திரத்தின் அடிவரை துழாவினாராம். அவருக்குத் தெரிந்த தெலுங்கில் ஒரே கேள்வி: "டோஃபு எக்கட?" எங்கே இருக்கும்? துண்டெல்லாம் கரைந்து மோர் மாதிரி ஆகிவிட்டதே!

கம்பெனியில் இருக்கும் நம் ஊர்ப் பையன் சலபதி போன் செய்தான். "அக்கா, சார் இன்னொரு சான்ஸ் குடுத்துகீறாரு. வியாழக்கிழமை. துண்டு முழுசா வர்லேன்னா மெட்ராஸ் கேட்டரிங்குக்குக் குடுத்துருவாங்க."

தப்பு சூப்பில் இல்லை, டோஃபுவில். திரிந்த சோயாவைத் துணியில் கட்டி, மேலே பலகை வைத்து அழுத்த வேண்டும். தேவகி செங்கல் வைத்தாள். போதவில்லை, டோஃபு தொளதொளவென்று வந்தது. அம்மிக்கல்லை வைத்தாள். ஒரு பக்கமாகச் சாய்ந்து, துணி கிழிந்து, டோஃபு சுவரில் ஏறியது. புதன்கிழமை. ஊறவைத்த சோயா கிட்டத்தட்டத் தீர்ந்தது. இன்னும் ஒரே ஒரு முறைக்குத்தான் மிச்சம். பெண் சமையல்கட்டில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. அடுத்த கட்டு தயாரானதும், பலகையை நேராக வைத்தேன். ஏறி உட்கார்ந்தேன்.

என் மனைவி மங்கம்மா ஓடி வந்தாள். "யோவ்! துன்ற பொருள் மேலயா குந்திகினு கீறே?"

"பலகை மேல குந்திகினு கீறேன். பலகைதான் டோஃபு மேல கீது."

இருபது நிமிடம். பிரித்துப் பார்த்தால்... புதுச் சோப்புக்கட்டி மாதிரி நான்கு மூலையும் கச்சிதம்! வியாழக்கிழமை சூப்பில் ஒரு துண்டுகூட உடையவில்லை. மேனேஜர் இரண்டு கிண்ணம் குடித்தார். "எப்படிச் செய்தீர்கள்?" என்று சலபதி மூலம் கேட்டார்.

தேவகி பயத்தில் சொல்லிவிட்டாள்: "மெஷின் சார்."

அங்கேதான் வந்தது வினை. ஃபேக்டரிக்காரனிடம் மெஷின் என்று சொல்லலாமா? ஆணி வாங்கினாலும் ஆணி செய்யும் மெஷினைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவான். "திங்கட்கிழமை ஆடிட். மெஷினைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து" என்றுவிட்டார்.

திங்கட்கிழமை ஃபைலோடு வந்தார். நான் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, பலகை மேல் உட்கார்ந்திருந்தேன்.

"மெஷின் எக்கட?" என்றார் மேனேஜர்.

"நேனே" என்றேன். நானேதான்.

சலபதி நெற்றியில் அடித்துக்கொண்டான். காண்டிராக்ட் போச்சு என்று தேவகி கண்ணை மூடிக்கொண்டாள். மேனேஜர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. பேனாவைத் திறந்தார்.

"லோடு எவ்ளோன்னு கேக்கறாரு, பெத்தாயனா" என்றான் சலபதி.

எடைபோடும் மெஷினைக் கொண்டுவந்து என்னை ஏற்றினார்கள். எழுபத்திரண்டு. எழுதிக்கொண்டார். சாப்பிட்ட பிறகு எவ்வளவு என்றார். மங்கம்மா களி போட்டாள், மறுபடி ஏறினேன். எழுபத்துமூன்று. அதையும் எழுதிக்கொண்டார்.

"ஸ்பேர் இருக்குதா?"

"நான் கீறேன், சொல்லு" என்றாள் மங்கம்மா.

"சர்வீஸ் எப்போ பண்ணீங்க?"

"மாசாமாசம் சுகர் டெஸ்ட் எடுக்கறாரு" என்றாள் தேவகி. அவளுக்கு இப்போதுதான் குரல் வந்தது.

மெஷின் தலைக்குத் தொப்பி போட வேண்டும் என்றார். போட்டேன். கையுறை என்றார். உட்காருவதற்குக் கையுறை எதற்கு? போட்டேன். ஓடும்போது சிரிக்கக் கூடாது, கட்டி விரிசல் விடும் என்றார். இதுவரை எந்த அதிகாரிக்கும் நான் இவ்வளவு அடங்கியதில்லை, பெண்ணுக்காக அடங்கினேன்.

கடைசியில் ஒரு குண்டு போட்டார். இதே எடைக்கு மணல் மூட்டை வைத்தால் என்ன?

பார்க்கலாம் என்றேன். அன்றைக்கே இரண்டு கட்டு போட்டார்கள். ஒன்றின் மேல் மூட்டை, ஒன்றின் மேல் நான். முதலில் தண்ணீர் ஊற்றும், பிறகு சொட்டும், பிறகு சத்தமே இருக்காது. எந்தப் பக்கம் சொட்டுகிறதோ அந்தப் பக்கம் நான் கொஞ்சம் சாய்வேன். சத்தம் நின்றதும் எழுந்துவிடுவேன். மூட்டைக்குச் சாயத் தெரியுமா? எழுந்திருக்கத் தெரியுமா? அதன் டோஃபு ஒரு பக்கம் ரப்பர், ஒரு பக்கம் கஞ்சி.

மேனேஜர் இரண்டையும் கத்தியால் வெட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்து இடுப்புவரை குனிந்து வணங்கினார். கையெழுத்துப் போட்டார். தேவகி என் தொப்பியைக்கூடக் கழற்றாமல் கட்டிப்பிடித்து அழுதாள். இப்போது தினமும் பன்னிரண்டு கிண்ணம் போகிறது.

எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் ஒப்பந்தப் பேப்பர் இங்கிலீஷில் இருந்ததால், தேவகியைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். சமையல்: தேவகி. காளான் சப்ளை செய்பவர் பெயர் இருக்கிறது. சூப்பைக் கொண்டுபோகும் ஆட்டோக்காரர் பெயர்கூட இருக்கிறது. கடைசியில் 'உபகரணங்கள்' என்று ஒரு பட்டியல். மிக்ஸி ஒன்று, கேஸ் அடுப்பு இரண்டு. அதற்குக் கீழே...

'பிரஸ் – ஒன்று. நிறம்: கறுப்பு. தயாரித்த வருடம்: தெரியவில்லை.' பிரஸ் என்றால் அழுத்தும் மெஷினாம்.

தேவகி, சலபதி, மேனேஜர் சார்... மூன்று பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். 'பிரஸ்' என்பதை அடித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள். இனிஷியலோடு. அதுவரை நாளைய டோஃபு மேல் மணல் மூட்டைதான் உட்காரும்!