கோலமாவு ஒட்டிய கை

எங்கள் அப்பா சடுகுடு பழக்குவார். விழுப்புரம் ரயிலடியில் மூட்டை தூக்கிய காலத்தில் யாரோ ஒரு ரயில் கார்டு கொடுத்த விசில் அவர் கழுத்தில் தொங்கும். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டார். நான் சொல்வது, வெள்ளைக்காரன் ஜப்பான்காரனோடு சண்டை போட்ட சமயம். அரிசி கண்ணிலேயே படாது. திண்டிவனத்தைச் சுற்றி எல்லா வீட்டிலும் கேப்பைக் கூழ்தான். சரி, கூழை விடுங்கள், மாவுக்கு வருகிறேன்.

அப்பா ஒரு சட்டம் வைத்திருந்தார். ஆட வருகிற பையன்கள் அவனவன் வீட்டு எந்திரக்கல்லில் கேப்பை அரைத்துவிட்டுத்தான் வர வேண்டும். கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். மாவு ஒட்டியிருந்தால்தான் கோட்டுக்குள் கால் வைக்கலாம்.

"கல்லு சுத்தினாத்தான்டா பிடி இறுகும்" என்பார். நானும் அதை அப்படியே நம்பினேன்.

கிளியனூர்ப் பையன்களோடு ஆட்டம் வந்தது. முதல் ஆளாகப் பாடிக்கொண்டு உள்ளே போக வேண்டும் என்று அண்ணனுக்கு வெறி. ஆனால் முந்தின நாளே சந்தையில் அவர்கள் அண்ணனைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இன்னாடா, மாவு அரைச்சிக்கினு இருக்கிற பொம்பளைங்களா! புடவை எடுத்தாரட்டுமா?"

மறுநாள் காலை அண்ணன் கல் பக்கமே போகவில்லை. நிறைமாசமாக இருந்த அம்மாதான் அரைத்தாள். கிளம்புகிற அவசரத்தில், வாசலில் இருந்த கொட்டாங்குச்சிக்குள் கையை விட்டுத் தேய்த்துக்கொண்டு ஓடினான்.

அது கோலமாவு! கேப்பை மாவு செம்மண் மாதிரி இருக்கும். இவன் கையோ சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. பையன்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு வலிக்கும். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

"உங்க வூட்ல இன்னிக்கு யார்றா அரைச்சது?" என்று, ஏதோ அடுத்த வீட்டுப் பையனைக் கேட்பதுபோலக் கேட்டார்.

"அம்மா."

"வெளிய குந்து."

அவன் இல்லாமல் தோற்றோம். எல்லார் முன்னாலும் அண்ணன் தேம்பித் தேம்பி அழுதான். கிளியனூர்ப் பையன் ஒருவன், "ஆம்பள அழுவுறான் பாரு" என்றான்.

"அழுவட்டும்பா, உனுக்கு இன்னா பேஜாரு?" என்று சொல்லிவிட்டு, அப்பா தன் துண்டை அண்ணனிடம் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அப்பா கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தார். யாரையும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அண்ணனே எதிரில் வந்து உட்கார்ந்து பிடியில் கை வைத்தான். அம்மா சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு, மல்லாட்டைக் கடலை உரித்துத் தின்றாள். தோற்றுப்போன வீட்டில் இவளுக்கு மட்டும் என்ன இவ்வளவு சந்தோஷம் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

பிறகு அண்ணனுக்குக் கல்யாணமாகி, அண்ணி முழுகாமல் இருந்தபோது பார்க்கப் போயிருந்தேன். அவன் ஆட்டத்தை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. விடிகிற நேரம், எந்திரக்கல் சுற்றுகிற சத்தம் கேட்டு எழுந்து வந்து பார்த்தால், அண்ணன். இரண்டு கையிலும் சிவப்பு மாவு.

"இன்னாண்ணே, இன்னிக்கு எந்த ஊரோட ஆட்டம்?" என்றேன்.

"கத்தாத" என்றான் அண்ணன், கல்லை நிறுத்தாமல். "உங்க அண்ணி தூங்குது."